இரண்டாவது தட்டு

காலை ஆறரை மணிக்கு லாரி சதுக்கத்தின் முகப்பில் நின்றது. வண்டிகள் உள்ளே போகக் கூடாது என்பதற்காக முழங்கால் உயரத்துக்கு இரும்புக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். ஒன்பது உருவங்களையும் பழைய கம்பளிகளில் சுற்றி, தள்ளுவண்டியில் ஒவ்வொன்றாக ஏற்றி உள்ளே கொண்டுபோனோம். கடைகள் திறக்கவில்லை. எங்கோ ஒருவர் காபி இயந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். தரைக்கற்கள் இரவு பெய்த தூறலில் நனைந்து கறுத்திருந்தன.

அந்தச் சதுக்கத்தில் தினமும் வேலை செய்கிறவர்களின் உருவங்கள் அவை. ஆறு வாரம் நிற்கும், அப்புறம் எடுத்துவிடுவோம். பீடம் கிடையாது, கயிறு கட்டிய வேலி கிடையாது. கூட்டத்தோடு கூட்டமாகத் தரையிலேயே நிற்க வேண்டும் என்பது என் அக்காவின் யோசனை. அவள் சிற்பி. நான் அவளுக்கு அச்சு எடுத்துக் கொடுப்பவன். அவள் கைக்கு மாலை, என் கைக்கு மாவு என்று எங்கள் வீட்டில் கிண்டல் செய்வார்கள்.

ஏழாவது உருவத்தைத் தள்ளிக்கொண்டு போகும்போது கம்பளிக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

டொக். டொக்.

தள்ளுவண்டியின் சக்கரம் கல் இடுக்கில் ஏறி இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அப்படி நினைக்க விரும்பினேன். ஏழாவது உருவம் விசிலம்மா.

அந்தச் சதுக்கத்தைப் பதினேழு வருடம் பெருக்கியவர் அவர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். நடப்பவர்களுக்கு மட்டுமான இடத்தில் யாராவது சைக்கிளோ ஸ்கூட்டரோ ஓட்டிக்கொண்டு நுழைந்தால் ஊதுவார். அது அவருடைய வேலை இல்லை, யாரும் அவரிடம் கேட்டுக்கொள்ளவும் இல்லை. ஒருமுறை மாநகராட்சி ஆணையரின் காரையே ஊதி நிறுத்தியதாகச் சொல்வார்கள். உருவம் செய்யப்போகிறோம் என்று சதுக்கத்தில் சொன்னதும் எல்லாரும் முதலில் சொன்னது அவரைத்தான்.

முகத்துக்கு அச்சு எடுப்பது கடினமான வேலை இல்லை. பல் மருத்துவர்கள் பல்லுக்கு அச்சு எடுக்கும் அதே இளஞ்சிவப்புப் பசையைக் குழைத்து முகம், காது, தாடை எல்லாம் பூச வேண்டும். அதன் மேல், எலும்பு முறிந்தால் போடும் மாவுக்கட்டுத் துணியை நனைத்து ஒட்ட வேண்டும். மூக்குத் துளை இரண்டு மட்டும் திறந்திருக்கும். கட்டு இறுகும்வரை உள்ளே இருப்பவரால் பார்க்க முடியாது, பேச முடியாது, எதுவும் காதில் விழாது. அவருக்கு மிச்சம் இருப்பது கை ஒன்றுதான். அதனால் எங்கள் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. இரண்டு பேர் இல்லாமல் முகம் எடுக்கக் கூடாது. ஒருவர் பூச வேண்டும், மற்றவர் உள்ளே இருப்பவரின் கையைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கை ஒருமுறை தட்டினால் நன்றாக இருக்கிறேன் என்று பொருள். இரண்டுமுறை தட்டினால் பாதி வேலையாக இருந்தாலும் எடுத்துவிட வேண்டும்.

விசிலம்மாவுக்கு இரண்டுமுறை எடுத்து இரண்டுமுறையும் கெட்டுப்போயிற்று. முதல் தடவை சிரித்துவிட்டார். அடுத்த தடவை தும்மல். மூன்றாவது தடவை அவர் வந்தபோது திறப்பு விழாவுக்குப் பதினொரு நாள்தான் இருந்தது. அக்கா மாநகராட்சியில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தாள். நாளைக்கு வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"மூக்கை மட்டும் விட்டுடு தம்பி," என்றார் நாற்காலியில் சாய்ந்தபடி. "மத்ததெல்லாம் உன் இஷ்டம்."

"அது எப்பவும் தொறந்தே இருக்கும்மா. வாயைத்தான் மூடப் போறேன்."

"மூடு மூடு. என் வாயை மூட இத்தனை வருஷத்துல ஒருத்தன் வந்தானே, அதுவே பெருசு."

எனக்கு இரண்டு கையும் வேலைக்கு வேண்டியிருந்தது. அவருடைய வலது கைக்குக் கீழே ஒரு ஒட்டுப்பலகைத் துண்டை வைத்தேன். "இதுல தட்டுங்கம்மா. நல்லாவே கேக்கும்."

நன்றாகவே கேட்டது.

பசை பூசி, கட்டு போட்டு முடித்தபின், இறுக இன்னும் நாலு நிமிடம் வேண்டும் என்ற நேரத்தில் வந்தது. டொக். டொக்.

நான் அதை ஒன்றும் ஒன்றும் என்று எண்ணினேன். நன்றாக இருக்கிறேன், நன்றாக இருக்கிறேன் என்று இரண்டுமுறை சொல்கிறார். அவ்வளவுதான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம் கழித்து மறுபடி, முன்னைவிட வேகமாக. டொக் டொக். "இதோ ஆச்சும்மா, ரெண்டே நிமிஷம்," என்று சத்தமாகச் சொன்னேன். அவருக்குக் கேட்காது என்று எனக்குத் தெரியும். யாருக்காகச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை.

மூன்றாவது நிமிடத்தில் ஒரே ஒரு தட்டு.

எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஒன்று. நன்றாகத்தான் இருக்கிறார். அந்த ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மிச்ச நேரத்தைக் கடத்தினேன்.

கட்டை எடுத்தபோது அவருடைய உதடுகள் சாம்பல் நிறத்தில் இருந்தன. கண்கள் என்னைக் கண்டுபிடிக்கச் சற்று நேரம் ஆயிற்று. தண்ணீர் கொடுத்தேன். அரை டம்ளர் குடித்தபின் சொன்னார்:

"தட்டினேனே தம்பி."

"அப்படியா? கேக்கலையேம்மா."

அவர் பலகையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். பிறகு தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "வயசான கை. மெதுவாத் தட்டியிருப்பேன்," என்றார்.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் காலை, சதுக்கத்தின் நீரூற்றுப் பக்கம் பெருக்கிக்கொண்டிருந்தவர், திட்டில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் மருத்துவர். நாள்பட்ட கோளாறாக இருக்கும், வெளியே தெரிந்திருக்காது என்றார். எங்கள் பட்டறையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்க எந்தக் காரணமும் யாருக்கும் இல்லை.

நான் வேலையை முடித்தேன். அச்சிலிருந்து ஃபைபரில் எடுத்த முகத்தில் புருவங்களுக்கு நடுவே ஒரு மடிப்பு விழுந்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அதை இல்லாமல் ஆக்கினேன். மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க, மற்ற உருவங்களுக்குச் செய்ததைப் போலவே மூக்குத் துளைகளில் சுவர் விரிசலுக்குப் பூசும் பட்டியை வைத்து அடைத்து வெள்ளை அடித்தேன்.

திறப்பு விழா அன்று அந்த முகத்தின் முன்னால்தான் அதிகக் கூட்டம். கண்ணை மூடி எதையோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல இருக்கிறது என்றார்கள். ‘சதுக்கத்தின் மிக அமைதியான முகம்’ என்று செய்தித்தாள் படத்தோடு எழுதியது. அது ஒரு மனுஷி மூச்சுக்குக் காத்துக்கொண்டிருந்த முகம்.

அவருடைய மகள் அதே சதுக்கத்தில், நேர் எதிரே, கண்ணாடிக் கூண்டு போன்ற கடையில் சாவி வெட்டுகிறாள். விழா முடிந்து எல்லாரும் போனபின் வந்து அம்மாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மா சிரிச்சுட்டே சொன்னாங்கண்ணா. உங்க இடத்துல நல்லாப் பாத்துக்கிட்டீங்களாம்."

நான் தலையாட்டினேன்.

மூன்றாம் நாள் சதுக்கத்தின் காவலாளி போன் செய்தார்.

"சார், உங்க பொம்மை ஒண்ணு தட்டுது."

"வெயிலுக்கு ஃபைபர் விரியும். டக் டக்குனு சத்தம் வரத்தான் செய்யும்."

"மத்த எட்டும் நிழல்லயா சார் நிக்குது?"

போய்ப் பார்த்தேன். மதியம் இரண்டு மணி. சதுக்கம் நிறைய மனிதர்கள். பலூன் விற்பவர், கையில் பொட்டலத்தோடு அலுவலகத்துக்குத் திரும்புகிறவர்கள், தள்ளுவண்டியில் குழந்தைகள். விசிலம்மாவைச் சுற்றி ஒரு பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் உருவத்தின் வயிற்றில் காதை வைத்திருந்தாள்.

டொக். டொக்.

கூட்டம் சிரித்தது. ஒருவர் கைதட்டினார். "உள்ள மிஷின் வச்சிருக்காங்க," என்று ஒரு கல்லூரி மாணவன் தன் தோழிக்கு விளக்கிக்கொண்டிருந்தான். "நாம தட்டினா அது பதிலுக்குத் தட்டும். பாரு."

அவன் உருவத்தின் தோளில் இரண்டுமுறை தட்டினான்.

டொக் டொக்.

முன்னைவிட வேகமாக.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் உருவத்தின் முதுகில் காதை வைத்தேன். வெயிலில் ஃபைபர் சுட்டது. முதலில் தெரிந்தது வாசனை. பல் மருத்துவர் அறையில் வருமே, அந்தப் புதினா வாசனை. குழைத்த பசையின் வாசனை. உலர்ந்த ஃபைபரில் அது வர வழியே இல்லை. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன்.

புருவங்களுக்கு நடுவே அந்த மடிப்பு திரும்பி வந்திருந்தது.

அன்று மாலை அக்கா போன் செய்தாள். "டேய், உள்ள என்னடா வச்ச? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? ஆணையர் ஆபீஸ்ல ஆஹா ஓஹோங்கறாங்க!"

"ஒண்ணும் வைக்கலக்கா."

"சும்மா நடிக்காத. உனக்குள்ள இவ்வளவு கற்பனை இருக்குன்னு எனக்கே தெரியாது போ."

மறுக்காமல் போனை வைத்தேன். அதற்குள் அது எனக்குப் பழகியிருந்தது.

மறுநாள் விடிந்ததும், பெருக்குகிறவர்கள் வருவதற்கு முன்னால், கைத் துளைப்பானோடு போனேன். மூக்குத் துளைகளில் இருந்த பட்டியைத் துளைத்து எடுத்தேன். வெள்ளைத் தூள் என் மணிக்கட்டில் கொட்டியது. இரண்டாவது துளை திறந்ததும் உள்ளிருந்து காற்று வந்தது.

ஈரமாக, வெதுவெதுப்பாக, ஒரே ஒரு மூச்சு.

அதோடு நின்றுவிடும் என்று நம்பிக் கருவியைப் பையில் போட்டேன். நாலு எட்டு நடந்திருப்பேன்.

டொக். டொக்.

"அண்ணா?"

சாவிக் கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தாள் அவள். என்னைப் பார்த்துவிட்டு வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"நாள் பூரா எதிர்ல உக்காந்து கேட்டுட்டே இருக்கேன். மிஷின்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா அது ஏன் ரெண்டு ரெண்டாவே தட்டுது? அதுல ஏதாவது கணக்கு இருக்கா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அவள் முகம் விசிலம்மாவின் முகம்போலவே இருந்தது, முப்பது வருடம் குறைத்து.

"அச்சு எடுக்கறப்ப ஒரு ஏற்பாடு உண்டும்மா," என்றேன். "ரெண்டு தட்டினா, நல்லா இருக்கேன்னு அர்த்தம்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள்.

அன்றிலிருந்து தினமும் மாலை கடையை மூடிவிட்டு அவள் உருவத்திடம் வருவாள் என்று காவலாளி சொன்னார். கையிலிருக்கும் சாவியால் அம்மாவின் கைமேல் மெதுவாக இரண்டுமுறை தட்டுவாளாம். "நானும் நல்லா இருக்கேம்மா," என்பாளாம். உள்ளிருந்து பதில் வருமாம். அவள் போய்ப் பேருந்து ஏறும்வரை நிற்காமல் வந்துகொண்டே இருக்குமாம்.

"பொண்ணு இருக்கறவரைக்கும் இப்படி வேகமாத் தட்டாது சார்," என்றார் காவலாளி. "அவ முதுகைத் திருப்பினதும்தான்."

நான் சதுக்கத்துப் பக்கம் போவதை நிறுத்தினேன்.

ஐந்தாவது வாரம் அக்கா ஒரு செய்தி கொண்டுவந்தாள். ஆறு வாரம் முடிந்ததும் உருவங்களைக் கிடங்கில் போட வேண்டாம், அவரவர் வீட்டுக்கே கொடுத்துவிடலாம் என்று மாநகராட்சி முடிவு செய்திருந்தது. "விசிலம்மா பொண்ணு ரூமைக் காலி பண்ணி இடம் ஒதுக்கிட்டாளாம்டா. கட்டில் பக்கத்துலயே நிக்க வைக்கப் போறாளாம். கேட்டதும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு."

அந்த வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. ஒரு சின்ன அறை. கட்டில். அதன் பக்கத்தில் நின்றுகொண்டு, எடுத்துவிடு எடுத்துவிடு என்று கேட்கும் ஒரு கை. அதைக் கேட்டுக்கொண்டே நிம்மதியாகத் தூங்கப்போகும் ஒரு மகள். பட்டறையில் நடந்தது நாலு நிமிடம். இது அவள் ஆயுள் முழுக்க நடக்கும்.

எடுக்கும் நாள் காலை ஏழு மணிக்கே அவள் வந்திருந்தாள். போர்த்திக் கொண்டுபோக ஒரு புதுப் போர்வை வாங்கியிருந்தாள், விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. ஆட்கள் மற்ற உருவங்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நான் அவளை விசிலம்மாவின் பக்கத்தில் நிற்க வைத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா இல்லாதது, பலகை வைத்தது, ஒன்றும் ஒன்றும் என்று எண்ணியது, கேட்கவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னது. கடைசியாக, இரண்டு தட்டுக்கு என்ன பொருள் என்பதை.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அடிப்பாள் என்றுகூட. போர்வையை மடித்துத் தரையில் வைத்தாள்.

"எத்தனை நிமிஷம்?"

"நாலு."

போனை எடுத்து நேரம் பார்த்தாள். அம்மாவின் வெள்ளைக் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "பேசாதீங்க," என்றாள்.

நின்றோம். ஆட்களும் என்னவோ ஏதோ என்று வேலையை நிறுத்திவிட்டார்கள். நீரூற்றைக்கூட இன்னும் திறந்துவிடவில்லை.

டொக். டொக்.

அவள் அசையவில்லை. ஒரு நிமிடம் அவ்வளவு நீளம் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது. அந்தப் பட்டறையில், சுவர்க் கடிகாரத்தின் கீழே, அது சட்டென்று போய்விட்டது.

டொக் டொக்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். புதினா வாசனை காற்றில் வந்தது. ஆட்களில் ஒருவன் மூக்கைச் சுளித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தான்.

மூன்றாவது நிமிடம்.

டொக்.

காத்திருந்தோம்.

"ரெண்டாவது எங்க?" என்றாள் அவள்.

"அன்னைக்கும் வரல."

"வரலையா?" போனிலிருந்து கண்ணை எடுத்து முதல்முறையாக என்னைப் பார்த்தாள். "தட்ட ஆரம்பிச்சாங்க. முடிக்க முடியல. அதத்தான் நல்லா இருக்காங்கன்னு நெனச்சீங்களா அண்ணா?"

அந்த ‘அண்ணா’வை அவள் விட்டிருக்கலாம்.

நாலு நிமிடம் முடியும்வரை அவள் கையை எடுக்கவில்லை. உள்ளிருந்து வேறு சத்தம் எதுவும் வரவில்லை. முடிந்ததும் போனைப் பைக்குள் போட்டாள்.

"எடுங்க," என்றாள்.

வெட்டும் இயந்திரத்தால் ஒரு காதிலிருந்து மறு காதுவரை அறுத்தேன். கோடு கோணலாகப் போயிற்று. முகம் கழன்று என் கையில் வந்தது. உள்ளே எல்லா உருவங்களிலும் இருப்பதுதான் இருந்தது: மஞ்சள் நார், தூசி, வெற்றிடம். முகத்தின் உட்பக்கம் மட்டும், மூக்குக்குக் கீழே, இரண்டு இடத்தில் ஈரம். விரலால் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை.

"இது எங்கம்மா முகம் இல்ல. நீங்க எடுக்காம விட்ட முகம். நீங்களே வச்சுக்கோங்க."

விசிலை மட்டும் உருவத்தின் கழுத்திலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டாள். அது அச்சில் வந்ததல்ல, அவருடைய சொந்த விசில். போர்வை தரையிலேயே கிடந்தது. அன்று சாவிக் கடை திறக்கவில்லை.

அக்காவிடமும் சொன்னேன். அவள் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். "நான் இருந்திருந்தா அவங்க கை என் கையில இருந்திருக்கும்," என்றாள். இப்போது வேறு இடத்தில், வேறு ஆளை வைத்து அச்சு எடுக்கிறாள். சதுக்கத்தில் வேறு கலைஞரின் பெரிய காகிதப் பறவைகள் தொங்குகின்றன. அதுவும் ஆறு வாரம்தான்.

முகம் என் பட்டறை அலமாரியில் இருக்கிறது. மேலே எதுவும் மூடாமல், மூக்குத் துளைகள் திறந்திருக்கும்படி வைத்திருக்கிறேன். அதிலிருந்து சத்தம் எதுவும் வருவதில்லை. மடிப்பும் இப்போது இல்லை.

பலகையைத்தான் எரித்திருக்க வேண்டும். வேலை மேசையில் அது கிடக்கிறது. காலை பதினொரு மணிவாக்கில், அவரை நாற்காலியில் உட்காரவைத்த அதே நேரத்தில், சன்னல் திறந்து, ரேடியோ பாடிக்கொண்டிருக்கும்போதே வருகிறது.

டொக்.

செய்கிற வேலையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய், பலகைமேல் என் உள்ளங்கையை மல்லாக்க வைத்துக்கொள்கிறேன். அன்று வைத்திருக்க வேண்டிய விதத்தில். சில நாள் உள்ளங்கையில் ஒரு விரலின் கனம் தெரிகிறது. வயதான விரல். காய்ப்பேறியது.

ரேடியோவை நிறுத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டாவது தட்டுக்காகக் காத்திருக்கிறேன்.

இன்றும் ஒன்றுதான் வந்தது. விரல் இன்னும் என் உள்ளங்கையை விட்டு எழவில்லை.